மாடலில் வைத்த மதிப்பு வியூவுக்கு ஏன் வரவில்லை? பிஎச்பி க்ளாஸ் மாறிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வேலைக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து அவர்கள் எழுதும் நிரலை (கோட்) பார்ப்பது சில ஆண்டுகளாக என் வேலையில் ஒரு பகுதி. ஆட்கள் மாறுகிறார்கள், ஃப்ரேம்வொர்க் மாறுகிறது, சந்தேகம் மட்டும் மாறுவதில்லை: "மாடல்ல வெச்சேன், வியூல வரல." ஒவ்வொரு முறையும் வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

உதாரணம் முழுக்க ஒன்றுதான்: ஒரு மளிகைக் கடையின் இணைய ஆர்டர். `பில்` என்று ஒரு மாடல் க்ளாஸ், அதாவது தரவையும் கணக்கையும் வைத்திருக்கும் க்ளாஸ். அதில் பொருட்களைச் சேர்க்க ஒரு மெத்தட் (க்ளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்), மொத்தம் போட ஒரு மெத்தட், டெலிவரி கட்டணம் போட ஒரு மெத்தட். கடைசியில் வியூ, அதாவது பக்கத்தை வரையும் கோப்பு, பில்லைக் காட்ட வேண்டும்.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை. பிஎச்பியில் மாறி, மெத்தட், க்ளாஸ் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். `$மொத்தம்` என்று எழுதினால் நிஜமாகவே ஓடும். திஸ், நியூ, ஸ்டேட்டிக், இன்க்ளூட் போன்ற மொழியின் சொந்தச் சொற்களை மட்டும் இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். கோடில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. க்ளாஸ் வேரியபிள், ப்ராப்பர்ட்டி, சாதா வேரியபிள்… எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. மெத்தட்டுக்குள் `$மொத்தம் = 840;` என்று எழுதினால் அது சாதாரண மாறி. அந்த மெத்தட் முடிந்ததும் அதுவும் போய்விடும். க்ளாஸின் உடலில், மெத்தட்களுக்கு வெளியே அறிவித்தால் அது ப்ராப்பர்ட்டி. அதை `$திஸ்->மொத்தம்` என்று அணுகுகிறோம். ஆப்ஜெக்ட் என்பது க்ளாஸை அச்சாக வைத்து `நியூ` போட்டு உருவாக்குவது, `$திஸ்` என்பது அந்த ஆப்ஜெக்ட். அது இருக்கும்வரை ப்ராப்பர்ட்டியும் இருக்கும்.

"க்ளாஸ் வேரியபிள்" என்று பலரும் சொல்வது இந்த ப்ராப்பர்ட்டியைத்தான். ஆனால் பேச்சில் அது க்ளாஸுக்குச் சொந்தம் என்பதுபோல் ஒலிக்கிறது. உண்மையில் அது ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனித்தனியாகச் சொந்தம். ஒரே அச்சில் வார்த்த இரண்டு டப்பாக்கள் என்றாலும் ஒன்றில் போட்ட அரிசி மற்றதில் இருக்காது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகள் தாமாகவே அவிழும். க்ளாஸுக்கே சொந்தமானது வேறு வகை. அது ஏழாவது கேள்வியில் வருகிறது.

2. ஒரு மெத்தட்ல கணக்குப் போட்ட `$மொத்தம்` அடுத்த மெத்தட்ல ஏன் இல்ல?

அது சாதாரண மாறி என்பதால். பிஎச்பியில் ஒவ்வொரு ஃபங்ஷனும் நான்கு சுவருள்ள தனி அறை. ஜாவாஸ்க்ரிப்ட் பழகி வந்தவர்கள், வெளியே இருக்கும் மாறி உள்ளே தானாகத் தெரியும் என்று எதிர்பார்ப்பார்கள். இங்கே தெரியாது. இரண்டு மெத்தட்களுக்கும் வேண்டும் என்றால் ஒன்று, `$திஸ்->மொத்தம்` என்று ஆப்ஜெக்டில் வையுங்கள். இல்லையென்றால் முதல் மெத்தட் ரிட்டர்ன் செய்வதை இரண்டாவதற்கு அனுப்புங்கள்.

எதை எப்போது? அந்த மதிப்பு பில்லின் இயல்பிலேயே உள்ளதா என்று கேட்டுப்பாருங்கள். பொருட்களின் பட்டியல் பில்லின் பகுதி, ப்ராப்பர்ட்டியாக இருக்கட்டும். கணக்கின் நடுவே வரும் தற்காலிக எண்ணை ரிட்டர்ன் மூலம் அனுப்புவதே நல்லது. எல்லாவற்றையும் `$திஸ்`-ல் ஏற்றிவைத்தால் எந்த மெத்தட் எதை எப்போது மாற்றியது என்று தேடியே பொழுது போய்விடும்.

3. `$திஸ்` போட்டுட்டேன், இப்பவும் காலியாத்தான் வருது. என்ன தப்பு?

டாலரை எண்ணுங்கள். `$திஸ்->$மொத்தம்` என்று எழுதியிருப்பீர்கள். ப்ராப்பர்ட்டியின் பெயருக்கு முன் டாலர் வராது. `$திஸ்->மொத்தம்` என்பதே சரி. நான் பார்த்த பிழைகளில் இதுதான் அதிகம். க்ளாஸின் மேலே அறிவிக்கும்போது டாலரோடு எழுதுகிறோம், பயன்படுத்தும்போது டாலர் இல்லை. கை பழகக் கொஞ்ச நாளாகும்.

டாலரோடு எழுதினால் பிஎச்பி அதைப் பிழையான எழுத்தாகப் பார்க்காது. "`$மொத்தம்` என்ற மாறிக்குள் என்ன எழுத்து இருக்கிறதோ, அந்தப் பெயருள்ள ப்ராப்பர்ட்டியைக் கொடு" என்று புரிந்துகொள்ளும். அது மொழியின் உண்மையான வசதிகளில் ஒன்று. அதனால்தான் எரர் வர வேண்டிய இடத்தில் வேறு எங்கோ சம்பந்தமில்லாத எச்சரிக்கை வருகிறது. ஸ்டேட்டிக் ப்ராப்பர்ட்டிக்கு மட்டும் இது தலைகீழ்: `பில்::$எண்ணிக்கை` என்று அங்கே டாலர் கட்டாயம் வேண்டும்.

4. டாலர் எல்லாம் சரிதான் அண்ணா. முதல் மெத்தட்ல பார்த்தா மதிப்பு இருக்கு, ரெண்டாவதுல இல்ல!

இரண்டில் ஒன்று நடந்திருக்கும். முதலாவது, வரிசை. டெலிவரி கட்டணம் போடும் மெத்தட் `$திஸ்->மொத்தம்` இருக்கும் என்று நம்புகிறது. ஆனால் மொத்தம் போடும் மெத்தட்டை இன்னும் யாரும் கூப்பிடவே இல்லை. மதிப்பை வைக்கும் மெத்தட் முதலில் ஓட வேண்டும். "இதைக் கூப்பிடுமுன் அதைக் கூப்பிடு" என்ற விதி உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் அடுத்து வருகிறவர் நிச்சயம் தடுக்கி விழுவார். கட்டணம் போடும் மெத்தட்டே உள்ளுக்குள் `$திஸ்->மொத்தம்போடு()` என்று கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாவது, இரண்டு ஆப்ஜெக்ட்கள். கன்ட்ரோலரில் (ரிக்வெஸ்டை வாங்கி மாடலையும் வியூவையும் இணைக்கும் க்ளாஸ்) `$பில் = நியூ பில்` என்று ஒன்றை உருவாக்கிப் பொருட்களைச் சேர்த்தீர்கள். பிறகு வியூவிலோ வேறு க்ளாஸிலோ இன்னொரு `நியூ பில்`. அது புது டப்பா, காலி. சந்தேகம் இருந்தால் இரண்டு இடத்திலும் `ஸ்ப்ல்_ஆப்ஜெக்ட்_ஐடி` ஃபங்ஷனால் எண்ணை அச்சிட்டுப் பாருங்கள். எண் வேறாக இருந்தால் ஆப்ஜெக்டும் வேறு.

கோட்இக்னைட்டர் 3 என்ற ஃப்ரேம்வொர்க்கில் பழகியவர்களுக்கு இது இன்னும் குழப்பும். அங்கே ஒரே மாடலை இரண்டு முறை லோட் செய்தாலும் இரண்டாவது முறை புதிதாக எதுவும் உருவாகாது, முதலில் வந்ததே இருக்கும். அதனால் அங்கே "தானாக" வேலை செய்த கோட், லாராவெல் என்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க்குக்கு மாற்றியதும் நின்றுவிடும். லாராவெலின் கன்டெய்னரிடம் (ஆப்ஜெக்ட்களை உருவாக்கித் தரும் பகுதி) ஒரு க்ளாஸைக் கேட்டால், சிங்கிள்டன், அதாவது எல்லோருக்கும் ஒன்றே, என்று பதிவு செய்யாதவரை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைத்தான் கொடுக்கும்.

5. அப்போ ஒரே ஆப்ஜெக்டை எல்லா இடத்துக்கும் எப்படிக் கொண்டு போறது?

கையில் கொடுத்து அனுப்புங்கள். பில் வேண்டிய க்ளாஸ் அதைத் தன் கன்ஸ்ட்ரக்டரிலோ (ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானே ஓடும் மெத்தட்) வேறு மெத்தட்டிலோ அளபுருவாக வாங்கிக்கொள்ளட்டும். பிஎச்பி 8.0 முதல் (2020 நவம்பர்) கன்ஸ்ட்ரக்டரின் அடைப்புக்குறிக்குள்ளேயே ப்ராப்பர்ட்டியை அறிவித்துவிடலாம் என்பதால் இதற்கு ஒரு வரி போதும்.

"அனுப்பினால் நகல் ஆகிவிடாதா?" என்று அடுத்து கேட்பார்கள். ஆகாது. 2004-ல் வந்த பிஎச்பி 5 முதல் ஆப்ஜெக்டை அனுப்பும்போது அதைச் சுட்டும் கைப்பிடிதான் போகிறது. இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே டப்பாவின் பிடி. பிஎச்பி 4-ல் முழு ஆப்ஜெக்டுமே நகலானது; அந்தக் காலத்துப் பழைய பாடங்களில் எல்லா இடத்திலும் `&` போடச் சொல்லியிருப்பது அதனால்தான். இப்போது ஆப்ஜெக்டுக்கு அது தேவையில்லை.

6. அடுத்த பக்கத்துக்குப் போனா எல்லாம் அழிஞ்சுடுதே?

அழியத்தான் வேண்டும். வழக்கமான பிஎச்பியில் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் வெறும் தரையிலிருந்து தொடங்குகிறது. உலாவி கேட்கிறது, கோட் ஓடுகிறது, பக்கம் போகிறது, எல்லா ஆப்ஜெக்ட்களும் கலைகின்றன. சாயங்காலம் கடையைக் கட்டியதும் தரையைக் கழுவிவிடுவது போல. நாளை காலை வேண்டியதை உள்ளே பூட்டி வைக்க வேண்டும்: டேட்டாபேஸில், செஷனில் (ஒவ்வொரு பார்வையாளருக்கும் சர்வர் தனியாக வைக்கும் சேமிப்பு), அல்லது கேஷில் (தற்காலிகச் சேமிப்பு).

ஃபார்மைச் சேமித்துவிட்டு வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பும் இடத்தில் பலர் மாட்டுவார்கள். "ஆர்டர் வந்துவிட்டது" என்ற செய்தியை மாடலின் ப்ராப்பர்ட்டியில் வைத்துவிட்டு ரீடைரக்ட் செய்வார்கள். ரீடைரக்ட் என்பது புது ரிக்வெஸ்ட், செய்தி போயே போச்சு. இதற்காகத்தான் ஒரு முறை காட்டியதும் தானே அழியும் ஃப்ளாஷ் செஷன் வசதி ஃப்ரேம்வொர்க்குகளில் இருக்கிறது.

7. ஸ்டேட்டிக் போட்டா எல்லா இடத்துலயும் வருதே, அது போதாதா?

வரும். ஸ்டேட்டிக் ப்ராப்பர்ட்டி க்ளாஸுக்கே சொந்தம். எத்தனை ஆப்ஜெக்ட் உருவாக்கினாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். நான்காவது கேள்வியின் இரண்டு டப்பாப் பிரச்சினை உடனே மறைந்துவிடுவதால்தான் இது இவ்வளவு இனிக்கிறது.

இதைச் செய்த ஒருவரின் கோடில் என்ன ஆனது என்று சொல்கிறேன். `$மொத்தம்` ஸ்டேட்டிக். வாடிக்கையாளர் தன் பில்லைப் பார்க்கும் பக்கம் சரியாக ஓடியது, ஏனென்றால் அங்கே ஒரு பில்தான். பிறகு கடைக்காரருக்காக அன்றைய எல்லா ஆர்டர்களையும் காட்டும் பக்கம் எழுதினார். முதல் பில் 840 ரூபாய். இரண்டாவது 310, ஆனால் 1150 என்று வந்தது. மூன்றாவது அதற்கும் மேலே ஏறியது. ஒவ்வொரு பில்லும் முந்தையதன் மேல் கூட்டிக்கொண்டே போனது. ஒரே ஒரு பில் இருந்தவரை பிழை ஒளிந்தே இருந்தது. ஒன்றுக்கு ஒன்று வேறுபடும் எதையும் ஸ்டேட்டிக்கில் வைக்காதீர்கள்.

இன்னொரு முடிச்சும் உண்டு. குழந்தை க்ளாஸ் அதே ஸ்டேட்டிக்கை மறுபடி அறிவிக்காவிட்டால் பெற்றோரோடு அதே மதிப்பைத்தான் பகிரும். மறுபடி அறிவித்தால் தனியாகப் பிரியும். அப்படிப் பிரிந்த பிறகு, பெற்றோரின் மெத்தட்டில் `செல்ஃப்::` என்று எழுதியிருந்தால் பெற்றோருடையது வரும், `ஸ்டேட்டிக்::` என்று எழுதியிருந்தால் கூப்பிட்ட குழந்தையுடையது வரும். இந்த இரண்டாவது வகை 2009-ல் பிஎச்பி 5.3-ல் வந்தது. மாறாத மதிப்பு, உதாரணமாக இலவச டெலிவரிக்கான எல்லைத் தொகை, வேண்டுமென்றால் ஸ்டேட்டிக்கை விட க்ளாஸ் கான்ஸ்டன்ட் நல்லது.

8. குளோபல்?

வேண்டாம். ஸ்டேட்டிக்கிலாவது எந்த க்ளாஸைச் சேர்ந்தது என்று பெயர் சொல்லும். குளோபலை யார் எங்கிருந்து மாற்றினார்கள் என்று தேட ஒரு நூலும் கிடைக்காது.

9. மாறிகள் வியூக்குள்ள எப்படித்தான் வருது? நான் `$பொருட்கள்`னு அறிவிக்கவே இல்லையே?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஏனென்றால் பதில் தெரிந்துவிட்டால் ஃப்ரேம்வொர்க்கின் மாயம் கலைந்துவிடும். வியூ என்பது இன்க்ளூட் செய்யப்படும் ஒரு சாதாரண பிஎச்பி கோப்பு. ஒரு ஃபங்ஷனுக்குள் இன்க்ளூட் செய்தால், அந்தக் கோப்பில் உள்ள கோட் அந்த ஃபங்ஷனின் அறைக்குள்ளேயே ஓடுகிறது. அந்த அறையில் இருக்கும் மாறிகள் எல்லாம் அதற்குத் தெரியும்.

ஃப்ரேம்வொர்க் செய்வது மூன்றே வேலை. நீங்கள் கொடுத்த அரேயை `எக்ஸ்ட்ராக்ட்` செய்கிறது: `பொருட்கள்` என்ற கீ `$பொருட்கள்` என்ற மாறியாகிறது. பிறகு, அச்சாவதை உடனே அனுப்பாமல் சேர்த்துவைக்க `ஓபி_ஸ்டார்ட்` போட்டு, வியூ கோப்பை இன்க்ளூட் செய்கிறது. கடைசியில் `ஓபி_கெட்_க்ளீன்` மூலம் அச்சானதை ஒரு ஸ்ட்ரிங்காக எடுத்துக்கொள்கிறது. பத்து வரியில் நீங்களே ஒன்று எழுதிப் பாருங்கள். ஒரு மணி நேரம் போதும், வாழ்நாளுக்கும் இந்தச் சந்தேகம் வராது.

அரேயைத் தயாரிக்கப் பலர் `காம்பேக்ட்` பயன்படுத்துவார்கள். அது எக்ஸ்ட்ராக்டின் மறுபக்கம், மாறிகளை அரேயாகக் கட்டும். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் முன்பு சத்தமில்லாமல் விட்டுவிடும், பிஎச்பி 7.3 முதல் சொல்லிவிடுகிறது.

10. எக்ஸ்ட்ராக்ட் ஆபத்துன்னு எல்லாரும் சொல்றாங்களே?

உங்கள் கோட் கட்டிய அரேக்கு ஆபத்தில்லை. வெளியிலிருந்து வரும் `$_கெட்`, `$_போஸ்ட்` மாதிரி அரேக்கு ஆபத்து. எக்ஸ்ட்ராக்ட் இயல்பாக, ஏற்கெனவே இருக்கும் மாறிகளின் மேலேயே எழுதிவிடும். ஒன்பதாவது பதிலின்படி நீங்கள் ஒன்றை எழுதினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியூவின் பாதை `$கோப்பு` என்ற மாறியில் இருக்கிறது. வந்த அரேயில் `கோப்பு` என்று ஒரு கீ இருந்தால்? பாதை மாறும், நீங்கள் நினைக்காத கோப்பு இன்க்ளூட் ஆகும். அனுப்பியவர் யாரோ அவர் கையில் உங்கள் சர்வரின் சாவி.

அதனால்தான் கோட்இக்னைட்டர் 3 தன் உள்மாறிகள் எல்லாவற்றுக்கும் `_சிஐ_` என்று முன்னொட்டு வைக்கிறது. லாராவெல், இருப்பதை மேலெழுதாமல் தாண்டிப் போகச் சொல்லும் கொடியோடு (ஃப்ளாக்) எக்ஸ்ட்ராக்டைக் கூப்பிடுகிறது. நீங்களே எழுதினாலும் அந்தக் கொடியைப் போடுங்கள்.

11. வியூக்குள்ள `$திஸ்`ன்னா யாரு? மாடலா, கன்ட்ரோலரா?

இன்க்ளூட் செய்த மெத்தட் யாருடையதோ அவர். ஒன்பதாவது பதிலின் நேரடி விளைவு இது. அதனால் ஃப்ரேம்வொர்க்குக்கு ஃப்ரேம்வொர்க் மாறும். யீ முதல் பதிப்பில் கன்ட்ரோலர். யீ 2-ல் வியூ ஆப்ஜெக்ட். கன்ட்ரோலர் வேண்டுமென்றால் `$திஸ்->கான்டெக்ஸ்ட்`. கேக்பிஎச்பியிலும் வியூ ஆப்ஜெக்ட். கோட்இக்னைட்டர் 3-ல் லோடர். ஆனால் கன்ட்ரோலரின் ப்ராப்பர்ட்டிகளை அது தன்னோடு ரெஃபரன்ஸாக இணைத்துக்கொள்வதால் கன்ட்ரோலரே போலத் தோன்றும். லாராவெலின் இப்போதைய பதிப்புகளில் `$திஸ்` இருக்காது, ஸ்டேட்டிக் க்ளோஷருக்குள் (`$திஸ்` ஒட்டாத, பெயரில்லா ஃபங்ஷன்) கோப்பு ஓடுகிறது.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது வியூவில் `$திஸ்` என்று தேடி எடுப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

12. மாடல்ல ப்ரைவேட்டா வெச்ச ப்ராப்பர்ட்டி வியூல தெரியுது! பிஎச்பில பக்-ஆ?

பக் இல்லை. ப்ரைவேட் என்றால் க்ளாஸின் உள்ளே ஓடும் கோடுக்கு மட்டும் தெரியும். மாடலின் மெத்தட் ஒன்றுக்குள்ளேயே வியூவை இன்க்ளூட் செய்திருப்பீர்கள். இன்க்ளூட் ஆன கோப்பு அந்த க்ளாஸின் உள்ளே நின்று ஓடுவதால் ப்ரைவேட்டும் திறந்தே இருக்கும். கொள்முதல் விலையை ப்ரைவேட்டில் வைத்தது வாடிக்கையாளருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக என்றால், வியூ எழுதுகிறவர் ஒரு வரியில் அதைக் காட்டிவிட முடியும். மாடலுக்குள் இன்க்ளூட் வேண்டாம். மாடல் மதிப்பைக் கொடுக்கட்டும், அச்சிடுவது வேறு ஆளின் வேலையாக இருக்கட்டும்.

13. அப்போ தனித்தனியா அனுப்பாம, முழு மாடலையுமே வியூக்குக் கொடுத்துடலாமா?

சின்னப் பக்கத்துக்குக் கொடுக்கலாம், தப்பில்லை. மாடல்-வியூ-கன்ட்ரோலர் என்ற பிரிவை 1970-களின் இறுதியில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் உருவாக்கிய ட்ரிக்வே ரீன்ஸ்கவுகின் அமைப்பில் வியூ மாடலை நேரடியாகவே பார்த்துக்கொண்டிருக்கும்; மாடல் மாறினால் வியூ தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அது திரையில் தொடர்ந்து ஓடும் நிரலுக்காக எழுந்த யோசனை. நம் பிஎச்பியில் ஆறாவது பதிலில் சொன்னபடி எல்லாம் ஒரு ரிக்வெஸ்டோடு முடிகிறது. பார்த்துக்கொண்டிருக்க எதுவுமில்லை. அதனால் தயாரான மதிப்புகளைக் கொடுப்பதே நமக்குப் பொருந்துகிறது.

பெரிய பக்கத்தில் முழு மாடலைக் கொடுத்தால் வரும் துன்பம் வேகத்தில் தெரியும். 50 ஆர்டர்களின் பட்டியல். வியூவின் லூப்பில் `$ஆர்டர்->வாடிக்கையாளர்->பெயர்` என்று ஓர் அப்பாவி வரி. அது ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸுக்குப் போகிறது: பட்டியலுக்கு 1, பெயர்களுக்கு 50, ஆக 51 கேள்விகள். வியூவைப் பார்த்தால் ப்ராப்பர்ட்டி படிப்பதுபோல் இருக்கும், சந்தேகமே வராது. லாராவெலில் `ப்ரிவென்ட்லேஸிலோடிங்` என்ற அமைப்பை உருவாக்கச் சூழலில் போட்டுவைத்தால் இப்படி நடக்கும் இடத்தில் எரர் காட்டும். நான் எல்லாப் புது வேலையிலும் முதல் நாளே போட்டுவிடுவேன்.

என் வழக்கம்: மாடலில் `வியூவுக்காக()` என்று ஒரு மெத்தட், வியூவுக்கு வேண்டியதை மட்டும் அரேயாகத் திருப்பித் தரும். இதற்குக் குறுக்குவழியாக `கெட்_ஆப்ஜெக்ட்_வார்ஸ்($திஸ்)` போடாதீர்கள். க்ளாஸுக்குள் இருந்து கூப்பிட்டால் அது ப்ரைவேட் உட்பட எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கும். கொள்முதல் விலை மறுபடி வெளியே வந்துவிடும்.

14. கார்ட்ல எத்தனை பொருள்னு எல்லாப் பக்கத்திலும் மேல காட்டணும். ஒவ்வொரு கன்ட்ரோலர்லயும் அனுப்பணுமா?

வேண்டாம். எல்லா வியூக்களுக்கும் பொதுவான மதிப்புக்கு ஒவ்வொரு ஃப்ரேம்வொர்க்கிலும் ஓர் இடம் உண்டு. லாராவெலில் சர்வீஸ் ப்ரொவைடரில் (ஃப்ரேம்வொர்க் தொடங்கும்போது ஓடும் க்ளாஸ்) `வியூ::ஷேர்`. கோட்இக்னைட்டர் 3-ல் `$திஸ்->லோட்->வார்ஸ்`. யீ 2-ல் வியூவின் `பாரம்ஸ்`.

லாராவெலில் ஒரு கவனம் வேண்டும். ப்ரொவைடர் ஓடும் நேரத்தில் செஷன் இன்னும் திறந்திருக்காது, யார் உள்நுழைந்திருக்கிறார் என்று அங்கே தெரியாது. கார்ட் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறு என்பதால், அதற்கு வியூ கம்போசர்தான் சரி. அது வியூ வரையப்படும் நேரத்தில் ஓடும்.

15. வியூல ஒரு மதிப்பை மாத்தினா மாடல்ல மாறுமா?

அரேயாகக் கொடுத்திருந்தால் மாறாது, ஆப்ஜெக்டாகக் கொடுத்திருந்தால் மாறும். அரே நகலாகத்தான் போகிறது (உண்மையில் யாராவது மாற்றும்வரை பிஎச்பி நகலெடுக்காமல் காத்திருக்கும், நினைவகம் வீணாகாது). ஆப்ஜெக்டுக்கு ஐந்தாவது பதிலின் கைப்பிடிக் கதை: வியூவில் `$பில்->மொத்தம் = 0` என்று எழுதினால் அசல் பில்லே பூஜ்யமாகிவிடும். அழகுக்காக வியூவில் எண்ணை வடிவமைத்து அதே ப்ராப்பர்ட்டியில் திரும்ப வைத்து, பின்னால் சேமிக்கும்போது "1,150.00" என்று காற்புள்ளியோடு டேட்டாபேஸுக்கு அனுப்பியவர்கள் உண்டு.

தடுக்க வழி இருக்கிறது. 2021-ல் பிஎச்பி 8.1-ல் வந்த ரீட்ஒன்லி ப்ராப்பர்ட்டியில் ஒரு முறை வைத்த மதிப்பை மாற்ற முடியாது. 2024-ல் வந்த 8.4-ல் எல்லோரும் படிக்கலாம், க்ளாஸ் மட்டுமே எழுதலாம் என்று பிரித்தே அறிவிக்கலாம். ஒரு கவனம்: ரீட்ஒன்லி ப்ராப்பர்ட்டிக்குள் இன்னொரு ஆப்ஜெக்ட் இருந்தால் கைப்பிடிதான் பூட்டப்படுகிறது, அந்த ஆப்ஜெக்டின் உட்புறம் மாறலாம். `க்ளோன்` செய்தாலும் இதே கதை, மேல் அடுக்கு மட்டுமே நகலாகும்.

16. "அன்டிஃபைன்ட் வேரியபிள்"னு வியூல வருது. `??` போட்டு அடைச்சுடலாமா?

`??` என்றால், இடப்பக்கத்தில் மதிப்பு இல்லையென்றால் வலப்பக்கத்தை எடு என்று பொருள். அந்த மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்றால் போடுங்கள். தள்ளுபடிக் குறியீடு எல்லோரிடமும் இருக்காது, அங்கே `??` சரியான கருவி. ஆனால் `$மொத்தம் ?? 0` என்று எழுதினால், கன்ட்ரோலர் அனுப்ப மறந்த நாளில் வாடிக்கையாளர் பூஜ்ய ரூபாய் பில்லைப் பார்ப்பார், எந்த லாகிலும் ஒரு வரி இருக்காது. பிஎச்பி 8.0-ல் இதை நோட்டீஸிலிருந்து வார்னிங்காக உயர்த்தியதற்குக் காரணம் இருக்கிறது. கட்டாயம் இருக்க வேண்டியது இல்லையென்றால் சத்தம் வரட்டும்.

17. பிஎச்பி 8.2-க்கு மாத்தினதும் பழைய மாடல் முழுக்க "டெப்ரிகேட்டட்" எச்சரிக்கை. இத்தனை நாள் ஓடுச்சே?

க்ளாஸின் மேலே அறிவிக்காமலே `$திஸ்->கட்டணம் = 40` என்று எழுதியிருப்பீர்கள். முன்பு பிஎச்பி அந்த இடத்திலேயே புது ப்ராப்பர்ட்டியை உருவாக்கிக் கொடுத்தது. 2022 டிசம்பரில் வந்த 8.2 அதைக் கண்டிக்கத் தொடங்கியது. இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். `கட்டணம்` என்பதற்குப் பதில் `கட்டனம்` என்று ஓரிடத்தில் தவறாக அடித்தால், பழைய பிஎச்பி இரண்டாவது ப்ராப்பர்ட்டியைச் சத்தமில்லாமல் உருவாக்கிவிடும். "வைத்தேன், வரவில்லை" என்ற புலம்பலில் நல்ல பங்கு இந்த எழுத்துப் பிழைகள்தான்.

தீர்வு எளிது, எல்லாவற்றையும் மேலே அறிவியுங்கள். உடனே முடியாத பெரிய பழைய கோட் என்றால் க்ளாஸின் தலையில் `அலவ்டைனமிக்ப்ராப்பர்ட்டீஸ்` என்ற குறிப்பைப் போட்டுத் தற்காலிகமாக மூச்சு விடலாம். `ஸ்டிடிக்ளாஸ்` ஆப்ஜெக்ட்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

18. அறிவிச்சு டைப்பும் போட்டேன். இப்ப "இனிஷியலைஸ் ஆகுமுன் தொடாதே"ன்னு எரர். நல்-தானே வரணும்?

டைப் (எண்ணா, எழுத்தா என்ற வகை) இல்லாத ப்ராப்பர்ட்டிக்குத் தொடக்க மதிப்பு நல், அதாவது வெறுமை. 2019-ல் 7.4 கொண்டுவந்த டைப்புள்ள ப்ராப்பர்ட்டிக்கு அப்படி இல்லை. மதிப்பே வராத நிலை என்று ஒன்று அதற்கு உண்டு. நான்காவது கேள்வியின் வரிசைப் பிழைதான் இது, இப்போது வெளிச்சத்தில் தெரிகிறது. கன்ஸ்ட்ரக்டரில் மதிப்பு வையுங்கள், அல்லது அறிவிக்கும் இடத்திலேயே `= 0` போடுங்கள்.

19. பெயர்ல யாராவது ஸ்க்ரிப்ட் போட்டுட்டா? எஸ்கேப் பண்றது மாடல்லயா, வியூலயா?

வியூவில், அச்சிடும் கணத்தில். எஸ்கேப் என்பது எச்டிஎம்எல்லில் சிறப்புப் பொருள் உள்ள எழுத்துகளைத் தீங்கில்லாத குறியீடுகளாக மாற்றுவது. மாடலிலேயே `எச்டிஎம்எல்ஸ்பெஷல்கேர்ஸ்` போட்டால் அதே பெயர் எஸ்எம்எஸ்ஸிலும் எக்செல் கோப்பிலும் விகாரமான குறியீடுகளோடு போகும். லாராவெலின் வியூ மொழியான ப்ளேடின் இரட்டை வளைவு அடைப்பு இதைத் தானே செய்துவிடும். வெறும் பிஎச்பி வியூ என்றால் நீங்கள்தான் ஒவ்வொரு இடத்திலும் செய்ய வேண்டும். 8.1-க்கு முந்தைய பதிப்பு என்றால் ஒற்றை மேற்கோளையும் மாற்றும் கொடியைச் சேர்த்துக் கொடுங்கள்; இயல்பாக அதை விட்டுவிடும்.

20. லாராவெல் ஆக்டேன்ல போட்டோம். ஒருத்தரோட பில் இன்னொருத்தருக்குத் தெரியுது. எப்படி இது சாத்தியம்?

ஆறாவது பதிலில் தரையைக் கழுவுவார்கள் என்றேன். ஆக்டேன், ஸ்வூல் மாதிரியான அமைப்புகளில் கழுவுவதில்லை. ஒரே ப்ராசஸ் உயிரோடு இருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பல ரிக்வெஸ்ட்களுக்குப் பதில் சொல்கிறது. வேகம் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் ஸ்டேட்டிக்கில் வைத்தது அடுத்த ரிக்வெஸ்டிலும் அப்படியே இருக்கும், சிங்கிள்டனில் வைத்ததும் இருக்கக்கூடும். அடுத்த ரிக்வெஸ்ட் வேறு ஆளுடையது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே மாதிரி நடந்தது. நடப்பு வாடிக்கையாளரை ஸ்டேட்டிக்கில் "ஒரு முறை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்" என்று யாரோ எப்போதோ எழுதிய மூன்று வரிகள், வழக்கமான பிஎச்பியில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடியவை. மாற்றிய அன்று, ஒரு பெண்ணின் முகவரி வேறொருவரின் திரையில் வந்தது. ஒரு மனிதரின் வீட்டு முகவரி அது. அன்று மாலையே பழைய முறைக்குத் திருப்பினோம். பிறகு கோட் முழுக்க ஸ்டேட்டிக் என்ற சொல்லைத் தேடி ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தோம். கான்ஸ்டன்டாக மாற வேண்டியவை மாறின. ரிக்வெஸ்டுக்கு உரியவற்றை ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்டோடு கட்டினோம். சிங்கிள்டன்களில் ஆளுக்கு ஆள் மாறுபவற்றை, லாராவெலில் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதிதாகும் `ஸ்கோப்ட்` பதிவுக்கு மாற்றினோம். சோதிக்கும்போது ஒரே ஒரு வொர்க்கரை (ரிக்வெஸ்ட்களுக்குப் பதில் சொல்லும் ப்ராசஸ்) மட்டும் ஓடவிட்டு, இரண்டு உலாவிகளில் இரண்டு வேறு கணக்குகளில் நுழைந்து மாறி மாறிப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். வொர்க்கர்கள் பல இருந்தால் பிழை சில நேரம் மட்டுமே தலைகாட்டும். ஒன்றே என்றால் உடனே பிடிபடும்.